படம் போட்டால் வயிறு நிறையுமா?

(பழைய மாணவி ஒருவர்)

சென்ற மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தங்கை மகள் ஒரு பெரிய அட்டைக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவளும் நம் பள்ளியில் பயின்றவளே. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துப் பட்டமும் பெற்றுவிட்டாள். வந்ததும் வராததுமாக, "பெரியம்மா! பத்திரிகையிலே பக்கம் வடிவமைக்கிற வேலைக்குத்தான் நான் போவேன். அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். நீங்கள்தான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றாள்.

அவள் பின்னாலேயே அவளுடைய தந்தையும் வந்தார். "அக்கா! நீங்களே கேளுங்கள். படம் போட்டால் வயிறு நிறையுமா?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. ஏனெனில் இதே கேள்வியை 1984-ஆம் ஆண்டு என் தந்தையார் வாயிலாக நான் கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு நான் இப்பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். ஆண்டு மலர்க் குழுவில் நானும் ஒருத்தி. கட்டுரைத் தலைப்புகளுக்கு எழுத்து வரைவதும், ஓரங்களில் பூங்கொடி வரைவதும் என் பணி. கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "படம் போட்டால் வயிறு நிறையுமா?" என்று கேட்டார் தந்தையார். எனக்குப் பதில் தெரியவில்லை. வணிகவியல் படித்தேன், ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன், சென்ற ஆண்டு ஓய்வும் பெற்றேன். வயிறு நிறைந்தது, உண்மைதான். அதற்காக நான் என்றும் நன்றியுடையவள். ஆயினும், அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் உணர்கிறேன். அதை என் தங்கை மகளுக்கு மட்டும் சொல்வதைவிட, இம்மலரைப் படிக்கும் தங்கையர் அனைவருக்கும், அவர்தம் பெற்றோருக்கும் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறேன்.

அழகு செய்வது மட்டுமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். பத்திரிகையின் பக்கத்தை வடிவமைப்பவர், எழுதி முடித்த கட்டுரைக்குப் பொட்டும் பூவும் வைப்பவர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியன்று. எதை முதலில் கண் காண வேண்டும், எதை அடுத்துக் காண வேண்டும், எங்கே நின்று மூச்சு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவரே. எழுதுபவர் பேசுகிறார் என்றால், அந்தப் பேச்சு கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி செய்பவர் வடிவமைப்பாளர்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது சொட்டு மருந்து விடும் முறையை அச்சிட்ட தாள் ஒன்று தந்தார்கள். பளபளப்பான தாள், இளம்பச்சை நிறம், அதன்மேல் மஞ்சள் நிறத்தில் பொடி எழுத்து! கண் நோயாளியிடம் தரும் தாளைக் கண் நன்றாக இருந்த என்னாலேயே படிக்க முடியவில்லை. எந்த மருந்தை எத்தனை முறை விடுவது என்று அறிய மறுபடியும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. அந்தத் தாளில் இருந்த செய்தியில் பிழையேதும் இல்லை. தமிழிலும் பிழை இல்லை. படிக்கப் போகிறவர் யார் என்று எண்ணிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆள் வேலையைத்தான் என் தங்கை மகள் தேடுகிறாள். அதை வீண் வேலை என்று எப்படிச் சொல்வது?

தமிழைப் பக்கத்தில் அமைப்பது எளிதும் அன்று. நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமமாக நிற்கும்படி அமைத்தால், சொற்களுக்கு இடையே பெரிய பெரிய வெள்ளை இடைவெளிகள் விழும். பக்கத்தின் நடுவே வாய்க்கால் ஓடுவது போலத் தோன்றும். 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். ஒலிப்பது முதலில் ககர மெய். எழுதுவதோ முதலில் கொம்பு. இந்த ஒழுங்கை அறியாத மென்பொருளில் தமிழைக் கொட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் குழம்புவதைப் பார்க்காத தமிழ் அச்சகம் உண்டா? 'ணை', 'லை', 'னை' முதலிய எழுத்துகளின் வடிவங்கள் 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்த ஆணைக்குப் பின் மாறின. அதற்கு முந்தைய நூலை மறுபதிப்புச் செய்யும்போது அவ்வேறுபாட்டை அறிந்த கண் வேண்டும். இவ்வளவும் தெரிந்த ஒருவர் வெறும் 'படம் போடுகிறவர்' அல்லர்.

முன்னே நடந்தவர்கள்

தமிழ்நாட்டில் இக்கலைக்குப் பாரம்பரியம் இல்லாமலும் இல்லை. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல். அண்ட்ரிக் அடிகளார் அச்சேற்றிய அந்நூலுக்காகத் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்த கைகளும் கலைஞர் கைகளே. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' கதையை நினைத்தால் மணியம் வரைந்த முகங்கள்தானே கண்முன் வருகின்றன? 'ஆனந்த விகடனில்' வந்த 'தில்லானா மோகனாம்பாளை' கோபுலுவின் கோடுகளை நீக்கிவிட்டு நினைக்க முடியுமா?

'அம்புலிமாமா'வில் தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். கே. சி. சிவசங்கரன் என்பது அவர் இயற்பெயர். 1941-இல் பள்ளிப் படிப்பு முடித்தபோது, பி.ஏ., எம்.ஏ. என்று போகாதே, ஓவியக் கல்லூரியில் சேர் என்று வற்புறுத்தியவர் அவருடைய ஓவிய ஆசிரியரே. அவர் அவ்வாறே சென்னையில் ஓவியம் பயின்றார், 'கலைமகளில்' பணியாற்றினார், பின்பு 'அம்புலிமாமா'வில் பல பத்தாண்டுகள் வரைந்தார். 2020-ஆம் ஆண்டு மறையும்போது அவருக்கு வயது தொண்ணூற்றைந்தைக் கடந்திருந்தது. ஓர் ஆசிரியர் தக்க நேரத்தில் சொன்ன ஒரு சொல், எத்தனை குழந்தைகளின் கனவுகளுக்குக் கதவு திறந்துவிட்டது பாருங்கள்!

கல்கத்தாவில் பொருளாதாரப் பட்டம் பெற்றுச் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்ற ஓர் இளைஞர் 1943-இல் விளம்பர நிறுவனம் ஒன்றில் மாதம் எண்பது ரூபாய்ச் சம்பளத்திற்குச் சேர்ந்தார். புத்தக அட்டைகள் அமைத்தார்; எழுத்துருக்கள் வரைந்தார்; தம் பாட்டனார் தொடங்கி இடையில் நின்றுபோன 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழை 1961-இல் மீண்டும் தொடங்கி அதற்கு அட்டையும் படமும் வரைந்தார். அவர்தாம் திரைப்பட மேதை சத்யஜித் ராய்.

"இவர்கள் எல்லாரும் ஆண்கள் ஆயிற்றே" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே ஒரு பெண்ணின் கதையையும் சொல்கிறேன். வியன்னாவில் 1908-இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர் சீபி பினெலிஸ். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியிலுள்ள பிராட் கலைப் பள்ளியில் 1929-இல் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடினார். அவர் பெயரைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. எனவே அவருடைய ஓவியக் கோப்பைப் பார்த்து ஆவலோடு அழைத்தவர்கள், எதிரே வந்து நிற்பவர் பெண் என்று கண்டதும் கையை விரித்தார்கள். பட்டம் இருந்தது, திறமை இருந்தது. வாயிற்கதவு மட்டும் திறக்கவில்லை. ஆயினும் அவர் கோப்பை மூடி வைக்கவில்லை. 1932-இல் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்தில் கலை இயக்குநர் ஒருவருக்கு உதவியாளராகச் சேர்ந்து தொழிலைக் கற்றார். 1947-இல் 'செவன்டீன்' என்னும் இளம்பெண்கள் இதழின் கலை இயக்குநர் ஆனார்.

அங்கே அவர் செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. சிறுமியர் பத்திரிகைதானே, ஏதோ இனிப்பான படம் போட்டால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. பென் ஷான் போன்ற புகழ்பெற்ற ஓவியர்களை அழைத்து அந்தக் கதைகளுக்குப் படம் வரையச் செய்தார். பதினாறு வயதுப் பெண்ணுக்கும் சிந்திக்கும் அறிவு உண்டு. அவளுக்கும் உயர்ந்த ஓவியம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்பின் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான 'சார்ம்' இதழுக்கு வடிவம் தந்தார். ஆண்கள் மட்டுமே இருந்த நியூயார்க் கலை இயக்குநர் மன்றத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனதும் அவரே. அவருக்கு முதலில் வேலை மறுத்தவர்களின் பெயர் இன்று யாருக்கேனும் தெரியுமா?

மறைக்கக் கூடாத உண்மைகள்

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆகவே பெற்றோரே, பெண்ணை விட்டுவிடுங்கள்" என்று முடித்துவிட்டால் நான் நேர்மையற்றவள் ஆவேன். தங்கை கணவரின் அச்சத்தில் பொருள் இல்லாமல் இல்லை.

அச்சுப் பத்திரிகைகள் குறைந்துகொண்டு வருகின்றன. 1941-இல் பிறந்த 'கல்கி' இதழ் 2020-ஆம் ஆண்டு அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டது. 'அம்புலிமாமா'வும் நின்றுவிட்டது. கையில் பத்திரிகையை வைத்துப் படிப்பவரைவிடக் கைப்பேசியில் விரலால் தள்ளிப் படிப்பவரே இரயில் பெட்டியில் அதிகம். போதாக்குறைக்கு, இன்று செயற்கை நுண்ணறிவு, சொன்ன மாத்திரத்தில் படமும் வரைந்து பக்கமும் அமைத்துத் தருகிறது. சாதாரண வேலைகளில் ஒரு பகுதி இயந்திரத்தின் கைக்குப் போகும் என்பதில் ஐயமில்லை.

வேலை தேடும் பெண்ணை ஏய்ப்பவர்களும் உண்டு. என் தங்கை மகளுக்கே நேர்ந்தது இது. ஒரு நிறுவனம், "தேர்வுக்காக ஒரு சிறப்பிதழ் முழுவதையும் அமைத்துக் காட்டு" என்றது. பிள்ளை ஒன்பது இரவு கண்விழித்து இருபத்து நான்கு பக்கம் அமைத்துக் கொடுத்தாள். அதன்பின் அவர்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடையில் தொங்கிய இதழில் அவள் அமைத்த பக்கங்கள் அப்படியே இருந்தன, அவள் பெயர் இல்லை, கூலியும் இல்லை. இதைச் சொன்னபோதுதான் அவள் கண் கலங்கியது. அவள் தந்தை முகமும் அப்போதுதான் மாறியது. அவர் கோபம் மகள்மீது அன்று, அவளை ஏமாற்றியவர்கள்மீது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆகவே, என் கருத்து இதுதான். இத்துறைக்குப் போகாதே என்று தடுப்பதும் தவறு. போ என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதும் தவறு. கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

தங்கையருக்குச் சில சொற்கள்

பத்திரிகை குறைந்தாலும் பக்கம் குறையவில்லை. பாடநூல், மருத்துவமனைத் துண்டறிக்கை, அரசு விண்ணப்பம், குழந்தைகள் புத்தகம், கைப்பேசித் திரை ஆகிய எல்லாவற்றிலும் பக்கம் இருக்கிறது. ஆகவே ஒரு பத்திரிகையின் பெயரைக் காதலிக்காதீர்கள். பக்கம் என்னும் கலையைக் காதலியுங்கள். பத்திரிகை நின்றாலும் கைத்தொழில் நிற்காது.

இயந்திரம் பத்து மாதிரிகளைத் தரட்டும். பத்தில் எது இந்தக் கட்டுரைக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய, கட்டுரையை ஒருவர் படித்திருக்க வேண்டுமே! வெள்ளத்தில் வீடிழந்தவர்களைப் பற்றிய செய்திக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் விளம்பரம் நிற்கலாமா கூடாதா என்பதை மனச்சாட்சி உள்ள மனிதரே சொல்ல முடியும். எனவே வரையக் கற்பதற்கு முன் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் நன்கு அறியாத ஒருவர் தமிழ்ப் பக்கத்தை நன்கு அமைக்க முடியாது.

அச்சகத்தை வெறுக்காதீர்கள். நான்கே மைகளில் எல்லா வண்ணமும் எப்படிப் பிறக்கின்றன, பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாக எப்படி மடிகிறது, வெட்டும்போது தப்பாமலிருக்க ஓரத்தில் ஏன் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும் என்பதையெல்லாம் கணினி முன் உட்கார்ந்து கற்பதைவிட இயந்திரத்தின் அருகே நின்று கற்பது எளிது. மை படிந்த கைக்கு எந்த இழிவும் இல்லை.

வேலை கேட்டுப் போகும்போது உங்கள் கோப்பில் நாற்பது பக்கம் வேண்டாம். நல்லதாகப் பத்துப் பக்கம் போதும். அவற்றில் இரண்டாவது, வெளிவந்த ஒரு மோசமான பக்கத்தை நீங்கள் திருத்தி அமைத்ததாக இருக்கட்டும். முன்பு எப்படி இருந்தது, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அழகான கோப்பை எல்லாரும் கொண்டு வருவார்கள். காரணம் சொல்லத் தெரிந்தவரே வேலைக்கு ஆவார்.

தேர்வு என்ற பெயரில் இலவச உழைப்புக் கேட்டால், "ஒரு பக்கம் அமைத்துக் காட்டுகிறேன், மேலே வேண்டுமானால் கூலி பேசிக்கொள்வோம்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். எழுத்து மூலமாகப் பேசுங்கள். அடக்கம் நல்ல குணம். ஆனால் உரிமையைக் கேட்க நாணுவது அடக்கம் ஆகாது.

பெற்றோருக்கும் பள்ளிக்கும்

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதன்று. இரண்டே ஆண்டுகள். வங்கித் தேர்வுப் பயிற்சிக்கும் காலமும் பணமும் செலவழிக்கத் தயாராக இருக்கிறீர்கள். அதில் எழுதும் எல்லாருமா தேறுகிறார்கள்? அதே பொறுமையை இந்தத் தொழிலுக்கும் காட்டுங்கள். இரண்டு ஆண்டில் அவளுக்குச் சம்பளம், வேலை, பெயர் என்று ஏதேனும் ஒன்றாவது வளர்ந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பேசுங்கள். வளரவில்லையானால் வேறு வழி பார்க்க இருபத்து நான்கு வயது முதுமையா என்ன? முயன்று பார்த்துத் திரும்பிய பெண்ணுக்கு ஏக்கம் இருக்காது. முயலாமலே நின்றுவிட்டவளுக்கு அறுபதை நெருங்கும்போதும் இருக்கும். அதற்கு நானே சாட்சி.

பள்ளியிடமும் ஒரு வேண்டுகோள். தேர்வு நெருங்கினால் முதலில் பலியாவது ஓவியப் பாடவேளைதான். கணக்கு ஆசிரியைக்கு அது கடன் கொடுக்கப்படும். ஒருபோதும் திரும்பி வராத கடன்! வாரத்தில் அந்த ஒரு பாடவேளையையாவது அதற்கே விட்டு வையுங்கள். சங்கருடைய ஆசிரியரைப் போல, ஒரு பிள்ளையின் கையைப் பார்த்து வழி சொல்ல ஓர் ஆசிரியைக்கு நேரம் வேண்டுமன்றோ? ஆண்டு மலரின் பக்கங்களை முழுவதுமாக அச்சகத்தாரிடம் விட்டுவிடாமல், நான்கு பக்கமாவது மாணவியரே அமைக்கட்டும். கோணலாக வந்தாலும் வரட்டும். கோணலைக் கண்டு திருத்திய கைதான் நாளை நேராக அமைக்கும்.

எனக்கு ஒரு காட்சி மறக்கவில்லை. 1984-இல் எங்கள் மலரின் புரூஃப் பார்க்கச் சிஸ்டரோடு அச்சகத்துக்குப் போயிருந்தேன். அச்சுக் கோக்கும் பெரியவர் ஒருவர் ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துக் கோத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் இடையே மெல்லிய ஈயத் தகடு ஒன்றைச் செருகினார். "இது எதற்கு ஐயா? இதில் எழுத்தே இல்லையே" என்று கேட்டேன். "வரி மூச்சு விட வேண்டாமா அம்மா? இது இல்லாவிட்டால் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் படிக்க முடியாது" என்றார்.

அந்தத் தகடு அச்சில் தெரியாது. ஆனால் அதனால்தான் எழுத்து தெரிகிறது. நம் பெண்களின் வாழ்விலும் பெற்றோரும் ஆசிரியரும் செருக வேண்டியது அத்தகைய சிறு இடைவெளிதான்.

என் தங்கை கணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகளின் கோப்பை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் தாயாருக்குக் கிடைத்த அந்த மருந்துத் தாளை அவள் திருத்தி அமைத்திருந்த பக்கம் வந்தது. வெள்ளைத் தாளில் பெரிய கறுப்பு எழுத்து. காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா. அவற்றின் நேரே எத்தனை சொட்டு என்ற எண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது எனக்குப் படிக்க முடிகிறதே" என்றார்.

இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்துவிட்டது. வயிறு நிறையுமா என்ற கேள்விக்கு இனி அவள்தான் உழைத்துப் பதில் சொல்ல வேண்டும். சொல்வாள் என்று நம்புகிறேன். உங்களுள் யாரேனும் அடுத்து அக்கேள்வியைச் சந்தித்தால், தலை குனியாமல் நின்று பதில் சொல்லுங்கள் தங்கையரே!